குவாண்டம் ஹால் விளைவு: குறைந்த வெப்பநிலையில் சரிவு ஏறாமல் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

நண்பர்களே, இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்திச் சாம்பிளில், ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்காக அளக்கும் மின்தடை) காந்தப்புலம் மாறினாலும் மாறாமல் நிற்கும் ஒரு பிளாட்டோவிலிருந்து அடுத்த பிளாட்டோவுக்கு மாறும் இடத்தை அளக்கிறேன். காந்தப்புலத்தோடு ஹால் மின்தடை மாறும் உச்சச் சரிவு, வெப்பநிலை குறையக் குறைய ஓர் அடுக்கு விதிப்படி ஏற வேண்டும். அந்த அடுக்கெண் காப்பா 0.42 என்று 1988-இல் வெய், சூயி குழு இதே வகைப் பொருளில் காட்டியது. எனக்கும் லாக்-லாக் வரைபடம் அழகாக நேர்கோட்டில் போகிறது, ஆனால் 200 மில்லிகெல்வினுக்குக் கீழே போனால் சரிவு அசையவே மாட்டேன் என்கிறது.

சந்தேகம் இரண்டு. கிரையோஸ்டாட் (சாம்பிளைக் குளிர்விக்கும் கலம்) குளிர்ந்தும் எலக்ட்ரான்கள் குளிரவில்லையா? மின்னோட்டத்தை 10 நானோஆம்பியரிலிருந்து 1-க்குக் குறைத்தும் மாற்றமில்லை, ஆனால் வயர்களில் வரும் ரேடியோ அலை இரைச்சலை அது தடுக்காதே. இல்லையென்றால் குளிரக் குளிர வளரும் கட்ட ஒத்திசைவு நீளம் (எலக்ட்ரான் தன் அலைக் கட்டத்தை இழக்காமல் போகும் தூரம்) என் 20 மைக்ரோமீட்டர் பட்டையின் அகலத்தை எட்டிவிட்டதால் சரிவு நின்றுவிட்டதா? 1991-இல் கோக், வான் கிளிட்சிங் குழு செய்ததுபோல வெவ்வேறு அகலப் பட்டைகளை அதே வேஃபரில் (குறைக்கடத்தித் தகட்டில்) வெட்டினால் இந்த இரண்டில் எது காரணம் என்று பிரித்துவிடலாம் என நினைக்கிறேன்.

அதற்குமுன், ஃபில்டர் போட்டு எலக்ட்ரான் வெப்பநிலையைத் தனியாக அளந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த முறை நம்பகமாக இருந்தது? அப்புறம், காப்பாவுக்குக் கோடு பொருத்தும்போது சரிவு அசையாத புள்ளிகளை எங்கே வெட்டுவது, அதை என் கண்மதிப்புக்கு விட எனக்கு மனமில்லை.