பொருள்: தாத்தா பெயரில் வளைவு – அந்த வரியை மாற்றுங்கள்

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நியூஜெர்சிச் சித்தப்பா வெள்ளிக்கிழமை போட்ட மடலை மூன்று தரம் வாசித்தேன். வீட்டுக்கு 250 டாலர் கொடுத்தால் ஊர் முகப்பில் வளைவு எழுப்பி, ‘நேதாஜி படையின் மருத்துவர்’ என்று தாத்தா பெயரைப் பொறித்துவிடலாம் என்கிறீர்கள். பணம் தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த ஒரு வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தாத்தா ஒருநாளும் நேதாஜி படையில் இருந்தவர் இல்லை, சித்தப்பா.

அவர் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு 1943-இல் இந்திய ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். இந்தியன் மெடிக்கல் சர்வீஸ், இந்தியன் மெடிக்கல் டிபார்ட்மென்ட், ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் பிரிவு என்று மூன்றாகக் கிடந்ததை ஒன்றாக்கி அந்தப் படையை அமைத்ததே அந்த வருஷம் ஏப்ரலில்தான். சம்பளம் கொடுத்தது வெள்ளைக்கார சர்க்கார். இதைத் தாத்தா மறைத்ததே இல்லை. யாராவது திண்ணையில் உட்கார்ந்து “டாக்டரையா, நேதாஜியைப் பார்த்திருக்கியளா?” என்று கேட்டால், “நான் எதிர்ப்பக்கம்லா இருந்தேன்” என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவர் வாயால் சொன்னதை நாம் கல்லில் மாற்றி எழுதலாமா?

அவர் ஏன் போனார் என்பது ரங்கூன் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஜப்பான்காரன் 1942 மார்ச்சில் ரங்கூனைப் பிடித்தபோது, தாத்தாவின் மூத்த அண்ணன் நடந்தே ஊர் திரும்பியவர். தமு, பலேல், இம்பால், திமாப்பூர் என்று மலை வழியே வந்தார். கூடப் புறப்பட்டவர்கள் எல்லாரும் வந்து சேரவில்லை. காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் பாதையோரத்தில் விழுந்தவர்களைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பிதான் மறுவருஷம் பட்டாளத்துக்கு எழுதிப் போட்டார். அண்ணன் நடந்து வந்த அதே பாதையில்தான் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

1944 மார்ச் கடைசியில் இம்பால் சாலையை ஜப்பான்காரன் துண்டித்தபோது தாத்தா உள்ளே மாட்டிக்கொண்டார். ஜூன் 22-ஆம் தேதி 109-ஆவது மைல்கல் பக்கத்தில் சாலை மறுபடி திறக்கும்வரை அரிசியும் மருந்தும் விமானத்தில்தான் வந்தன. அந்த மூன்று மாதத்தைப் பற்றி அவர் பேசியது கொஞ்சம்தான். பேசியதெல்லாம் கொசுவைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான். சின்ன வயசில் எனக்கு அது ஏமாற்றமாக இருக்கும். துப்பாக்கிக் கதையாகச் சொல்லமாட்டாரா என்று ஏங்குவேன். அங்கே சண்டையிட்ட பிரிட்டிஷ் பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் எழுதியதைப் பின்னால் படித்தபோதுதான் விளங்கியது. 1943-இல் காயம்பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால், நோயில் விழுந்து அனுப்பப்பட்டவர்கள் 120 பேராம். மலேரியா, சீதபேதி, உண்ணிக் காய்ச்சல். தாத்தா பார்த்த யுத்தம் அதுதான்.

மலேரியாவுக்கு மெபக்ரின் என்று ஒரு மஞ்சள் மாத்திரை, படுகசப்பு. தின்றால் தோலே மஞ்சளாகிவிடும். ஆண்மை போய்விடும் என்று சிப்பாய்களுக்குள் வதந்தி வேறு. வாயில் போட்டுக்கொண்டு பின்னால் துப்பிவிடுவார்களாம். ஸ்லிம் திடீர் திடீரென்று படைப்பிரிவு முழுக்க ரத்தத்தைச் சோதிக்க வைத்தார். 95 சதவீதம் பேர் மாத்திரை தின்றதாகத் தெரியாவிட்டால் அந்தப் பிரிவின் அதிகாரிக்கு வேலை போய்விடும். மூன்று பேரை அப்படி நீக்கியபின் எல்லாரும் வழிக்கு வந்தார்கள்.

அதனால் தாத்தா தினமும் வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருத்தன் முன்னாலும் போய், “வாயைத் திற, நாக்கைத் தூக்கு” என்று பார்ப்பாராம். இதே இரண்டு வார்த்தையை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்! கோடை லீவில் பூச்சி மருந்து கொடுக்கிற அன்று பிள்ளைகளை எல்லாம் திண்ணையில் வரிசையாக நிறுத்துவார். இடது கையில் சின்ன டார்ச் லைட், வலது கை கட்டைவிரல் நம் மோவாயில் இருக்கும். டெட்டால் வாசமும் மூக்குப்பொடி வாசமும் கலந்து வரும். நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் ஆச்சி கையிலிருந்து கருப்பட்டித் துண்டு கிடைக்கும்.

சித்தப்பாவுக்கு ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறேன். நீங்களும் கேட்டதுதான். 1945 மே மாதம் ரங்கூன் திரும்ப வெள்ளைக்காரன் கைக்கு வந்தபோது, நேதாஜி படையான ஐ.என்.ஏ.காரர்கள் (இந்திய தேசிய ராணுவத்தினர்) ஆயிரக்கணக்கில் அங்கே சரணடைந்தார்கள். அதில் காய்ச்சலோடு ஒரு தமிழ்ப் பையனைத் தாத்தாவிடம் கொண்டுவந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். “உங்க ஆளுக எந்த ஊருடா?” என்றதற்கு, “ஆச்சிக்கு அம்பாசமுத்திரம் பக்கம்” என்றானாம். அவனுக்கும் அதே மாத்திரைதான், நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்ததும் அதே மாதிரிதான். இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அந்தப் படையிலும் தமிழ் டாக்டர்கள் இருந்தார்கள். ரங்கூனில் ஐ.என்.ஏ.வுக்குப் பொறுப்பாக இருந்த லோகநாதனே டாக்டர்தான். தாத்தா படித்த அதே காலேஜில் 1938-இல் பட்டம் வாங்கிய லட்சுமி, சிங்கப்பூரில் ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றவர். அவர்கள் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த பெருமையில் நாம் பங்கு கேட்கவேண்டாம். தாத்தாவுக்கு அவருடையதே போதும்.

அடுத்து, மதுரை மைனி அனுப்பிய படங்கள். வளைவைப் பற்றிப் பத்து மடல் வந்துவிட்டது, அந்தப் படங்களுக்கு ஒருத்தரும் பதில் எழுதவில்லை. மருந்து கொடுத்த அறையில் ஓடு சரிந்து தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அவருடைய பச்சை டிரங்குப் பெட்டியின் அடியில் துரு. நோயாளிக் குறிப்பு நோட்டின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. நீல மசியில் பெயர், ஊர், நோய் என்று பக்கம் பக்கமாகக் கிடக்கும் அந்த நோட்டை விடவா வளைவு பெரிது? ஆச்சி கடைசியாகப் படுத்திருந்த ஆறு மாதமும் அந்த அறைச் சாவி யாரிடம் இருந்தது, ஏன் திறக்கவிடவில்லை என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் அறிவார்கள். நான் அழுதது போதும், இங்கே இழுக்க விரும்பவில்லை.

சிங்கப்பூர் அத்தான், ஊர்ச் சங்கம் குளத்து வேலைக்கான கணக்கைக் காட்டாமல் ஒரு காசு தரமாட்டேன் என்கிறார். அவர் கேட்பது நியாயம், சங்கம் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால், அத்தான், ஐப்பசி மழை அந்தக் கணக்குக்காகக் காத்திருக்காது. ஓடு மாற்ற என்ன செலவாகும் என்று கொத்தனாரைக் கேட்டு நீங்களே எழுதுங்கள். நான் என் பங்கை இரண்டாகத் தருகிறேன். ரசீது என் பெயருக்கு வேண்டாம், ஆச்சி பெயருக்குப் போடுங்கள்.

கல் வைப்பதானால் அறை வாசலில் வையுங்கள். பெயர், ‘இந்திய ராணுவ மருத்துவப் படை, இம்பால் 1944’, அதற்குக் கீழே ஊரில் வைத்தியம் பார்த்த வருஷங்கள். அவ்வளவுதான் எழுதவேண்டும்.

இன்னொன்று. மைனி பெட்டியைத் திறந்தபோது பர்மா ஸ்டார் மெடல் இல்லை. ஆறு முனை நட்சத்திரம், நடுவில் ஜார்ஜ் ராஜாவின் எழுத்து. நாடாவும் உறையும் கிடக்கின்றன, நட்சத்திரத்தை மட்டும் காணோம். எடுத்தவர்கள் பத்திரத்துக்காக எடுத்திருக்கலாம். மைனி தீபாவளி வரை ஊரில் இருப்பார், அவர் கையில் கொடுத்துவிடுங்கள். யார், எப்போது என்று நான் கேட்கமாட்டேன்.