வேற்றுக்கிரகவாசிகள் வந்தால் நம்மை என்ன செய்வார்கள்?

வெண்மதியன்:
2010இல் ஸ்டீபன் ஹாக்கிங் விடுத்த எச்சரிக்கையைப் பலர் இன்னும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வந்தால், கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கிய கதையாகத்தான் முடியும் என்றார் அவர். எனக்கு உடன்பாடில்லை. கொலம்பஸுக்குத் தங்கம் வேண்டியிருந்தது. இவர்களுக்கு நம்மிடம் என்ன வேண்டும்? தண்ணீரா? வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் பூமியின் கடல்களைப்போல் இரு மடங்கு நீர் இருப்பதாகக் கணிக்கிறார்கள். இரும்பும் நிக்கலும் சிறுகோள்களில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஆயிரம் டன் கலம் ஒன்றை ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு முடுக்குவதற்கு, உலகம் முழுவதும் ஓராண்டில் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேல் வேண்டும். அவ்வளவு வசதி படைத்தவர்கள் இரும்புக்காகவா படையெடுப்பார்கள்?

ஆழிமுத்து:
தேவை இல்லையென்றால் தீங்கும் இல்லை என்று கணக்குப் போடுகிறீர்கள். ஸ்டெல்லர் கடற்பசுவைப் பாருங்கள். 1741இல் ரஷ்யக் கடற்பயணத்தின் தலைவர் பெரிங்கின் கப்பல் சேதமடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கியவர்களில் இயற்கையியலாளர் ஸ்டெல்லரும் ஒருவர். கரையோரத்தில் கடற்பாசி மேய்ந்துகொண்டிருந்த அந்தச் சாதுவான பெரிய விலங்கை முதலில் விவரித்தவர் அவர்தான். பெண் ஒன்றைக் கொன்று கரையில் போட்டிருந்தபோது, அதன் ஆண் துணை அடுத்தடுத்து இரண்டு நாட்கள் அதைத் தேடிக் கரைக்கு வந்ததாக எழுதிவைத்திருக்கிறார். பின்னால் வந்த வேட்டைக்காரர்கள் தேடியது கடல் நீர்நாயின் தோலை. கடற்பசு அவர்களுக்கு வழியில் கிடைத்த இறைச்சி, அவ்வளவுதான். 1768க்குள் அந்த இனமே பூண்டோடு அழிந்தது. அதன்மீது யாருக்கும் பகை இருக்கவில்லை. அதனிடம் விலைமதிப்புள்ள பொருளும் இருக்கவில்லை.

வெண்மதியன்:
அது 18ஆம் நூற்றாண்டு. அதே மனித இனம் 2003இல் என்ன செய்தது? வியாழனை ஆராய்ந்த கலிலியோ விண்கலம் தப்பித்தவறி யூரோப்பாவில் மோதி, பூமியின் கிருமிகள் அங்கே தொற்றிவிடக்கூடாதே என்று, வேண்டுமென்றே வியாழனுக்குள் செலுத்தி அழித்தது. 2017இல் சனியை ஆராய்ந்த காசினி விண்கலமும் இப்படியே சனிக்குள் போய் முடிந்தது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நுண்ணுயிருக்காக இவ்வளவு கவனம்! நம்மைவிட மூத்த நாகரிகம் இதைவிடக் கீழாகவா நடந்துகொள்ளும்?

ஆழிமுத்து:
இரண்டு கலங்களும் எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்தவை. பசியில்லாதவன் விரதம் இருப்பதில் என்ன பெருமை? செவ்வாயில் குடியேறத் துடிப்பவர்கள் இருக்கிறார்களே, நாளை அங்கே மண்ணுக்கடியில் ஒரு நுண்ணுயிர் அகப்பட்டால் அவர்கள் திட்டத்தைக் கைவிடுவார்களா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

குறுக்குச்சால்:
யாரோ கப்பலிலிருந்து இறங்கி வரப்போவதாகவே இருவரும் பேசுகிறீர்கள். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில், மிக அருகிலுள்ள விண்மீனான ப்ராக்ஸிமாவின் தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வந்தால் இயந்திரம்தான் வரும். கட்டளை எழுதியவர் என்றோ மாண்டிருப்பார். யாரிடம் போய்க் கருணை எதிர்பார்ப்பது?

அகத்திப்பூ:
எதற்கு வம்பு, சத்தம் போடாமல் இருப்பதே மேல். 1974இல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து விண்மீன் கொத்து ஒன்றை நோக்கி ரேடியோ செய்தி அனுப்பியபோது வானியலாளர் மார்ட்டின் ரைல் கண்டித்தார். யார் கேட்டார்கள்?

வெண்மதியன்:
அகத்திப்பூ, அந்தச் செய்தி போய்ச்சேரவே ஏறத்தாழ 25,000 ஆண்டுகள் ஆகும். நம் வளிமண்டலத்தில் உயிர்கள் நிரப்பிய ஆக்சிஜனோ 200 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே உயிர் இருப்பதைப் பறைசாற்றிக்கொண்டிருக்கிறது. இனிமேல் வாயைப் பொத்தி என்ன பயன்?

குறுக்குச்சால் சொல்வது கவலைக்குரியதுதான். இயந்திரத்திடம் மன்றாட முடியாது.

ஆழிமுத்து:
செவ்வாய்க் கேள்வி அப்படியே நிற்கிறது, ஐயா.

வெண்மதியன்:
நழுவவில்லை. கைவிடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சண்டை மூளும். பிற கோள்களைத் தீங்குண்டாகும்படி மாசுபடுத்தக்கூடாது என்று 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் தடுக்க நிற்கும். வருகிறவர்களிடையிலும் அப்படி ஒரு கூட்டம் இருக்கும் என்பதுதான் என் வாதம். எல்லாரும் நல்லவர்கள் என்று நான் எங்கே சொன்னேன்?

ஆழிமுத்து:
அந்தக் கூட்டம் வெல்லும் என்றும் நீங்கள் சொல்லவில்லையே.