ஒரகடம் கம்பெனியில் குவாலிட்டி டிரெய்னி இன்டர்வியூ: எப்படித் தயாராவது?

திண்டுக்கல் டிப்ளமோ:
அண்ணன்மாரே, அக்காமாரே, வர்ற வியாழக்கிழமை காலை 9 மணிக்கு சென்னை பக்கம் ஒரகடத்துல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒண்ணுல இன்டர்வியூ. இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் டிரெய்னி வேலை, அதாவது வெளியில இருந்து வர்ற பாகங்களைச் சரிபார்க்கிறது. டிப்ளமோ மெக்கானிக்கல், 78 சதவீதம். நாலாவது செமஸ்டர்ல ஒரு அரியர், அடுத்த தடவையே கிளியர். முன் அனுபவம் இல்ல, இங்கிலீஷ் தடுமாறும். என்ன கேப்பாங்க? சம்பளம் பத்தி நாம பேசலாமா?

மைக்ரோமீட்டர்:
தம்பி, இந்த வேலைக்குப் பேச்சைவிட கையைத்தான் பார்ப்பாங்க. மேஜையில ஒரு வெர்னியரும் (ரெண்டு தாடைக்கு நடுவுல பிடிச்சு அளக்கிற காலிப்பர்) ஒரு பின்னும் (உருளைத் துண்டு) வச்சு "அளந்து சொல்லு"ம்பாங்க. எடுத்ததும் அளக்காதே. தாடையைத் துடை, மூடி ஜீரோ பாரு, அப்புறம் அளவெடு. இந்த மூணையும் வரிசையா செஞ்சாலே பாதி மதிப்பெண். மெயின் ஸ்கேல் 24, வெர்னியர்ல 17ஆவது கோடு ஒத்துப்போகுதுன்னா, லீஸ்ட் கவுண்ட் (கருவி அளக்கிற மிகச் சின்ன அளவு) 0.02 மி.மீ. உள்ள கருவியில 17 × 0.02 = 0.34, மொத்தம் 24 + 0.34 = 24.34. ஜீரோ எரர் (தாடை மூடியிருக்கும்போதே காட்டுற பிழை) +0.04 இருந்தா கழிச்சு 24.30. பிளஸ்னா கழிக்கணும், மைனஸ்னா கூட்டணும். நிறைய பேர் இங்கதான் மாத்திச் சொல்லி மாட்டுவாங்க.

மைக்ரோமீட்டர்ல திம்பிளைப் (கோடு போட்ட சுத்துற உருளை) பிடிச்சு இறுக்கினா அளவு குறைச்சலா காட்டும். முனையில இருக்கிற ராட்செட் திருகைத்தான் திருப்பணும், டக் டக்னு சத்தம் வந்ததும் நிறுத்திடு. பிட்ச் (ஒரு சுத்துக்கு நகர்ற தூரம்) 0.5 மி.மீ., திம்பிள்ல 50 கோடு, அதனால லீஸ்ட் கவுண்ட் 0.01.

அடுத்து பிளக் கேஜ், ஓட்டையோட அளவைச் சோதிக்கிற ரெண்டு முனை உருளை. 20 H7 ஓட்டைன்னா (20 மி.மீ. ஓட்டை, H7ங்கிறது அனுமதிக்கிற வித்தியாசம்) 20.000 முதல் 20.021 மி.மீ. வரைக்கும் ஓகே. கோ பக்கம் உள்ள போகணும், நோ-கோ பக்கம் போகக்கூடாது. இதோட விடமாட்டாங்க. "கோ போகலைன்னா?" ஓட்டை சின்னது, பெருசாக்கி ரீவொர்க் பண்ணலாம். "நோ-கோ போயிடுச்சுன்னா?" ஓட்டை பெருசாகிடுச்சு, பெரும்பாலும் ஸ்கிராப்தான். காரணத்தோட சொல்ற பையனை ஞாபகம் வச்சுக்குவாங்க.

லைன் லீடர்:
மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோ. "500 பீஸ் லாட்ல 5 எடுத்துப் பார்க்கிற, ஒண்ணு அளவுல இல்ல. என்ன செய்வ?" உடனே "ரிஜெக்ட் சார்"னு சொன்னா தப்பு. கருவியோட ஜீரோவைச் சரிபார்த்து அதே பீஸை மறுபடி அளப்பேன், லாட்டுக்கு ஹோல்ட் டேக் போட்டுத் தனியா வைப்பேன், சூப்பர்வைசர்கிட்ட சொல்லி சாம்ப்ளிங் பிளான்படி (எத்தனை எடுத்துப் பார்க்கணும், எத்தனை தப்பு வரை ஏத்துக்கலாம்ங்கிற விதி) முடிவெடுப்போம்னு சொல்லு. டிரெய்னி தானா முடிவெடுக்கிறதை எந்தக் கம்பெனியும் விரும்பாது.

5எஸ் (வேலை இடத்தை ஒழுங்கா, சுத்தமா வைக்கிற ஜப்பானிய முறை) கேட்டா ஜப்பானிய வார்த்தையை ஒப்பிக்காதே, உங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்ல எதை எங்க மாத்தி வைப்பேன்னு சொல்லு. டிராயிங் கையில கொடுத்தா முதல்ல புரொஜெக்‌ஷன் சிம்பலை (பொருளோட பக்கங்களை எந்த முறையில வரைஞ்சிருக்குன்னு காட்டுற குறி) பாரு. இங்க ஃபர்ஸ்ட் ஆங்கிள்தான் வழக்கம், ஆனா வெளிநாட்டு கஸ்டமர் டிராயிங் தேர்ட் ஆங்கிளாவும் இருக்கலாம்.

ஹெச்ஆர் அக்கா:
இங்கிலீஷுக்குப் பயப்படாதே தம்பி. பேரு, ஊரு, படிப்பு, புராஜெக்ட்ல நீ செஞ்ச பங்கு, இதுக்கு மட்டும் ஆறு வரி இங்கிலீஷ்ல தயார் பண்ணு. மனப்பாடமா கொட்டினா நடுவுல ஒரு கேள்வி வந்ததும் அறுந்துபோகும், அதனால வரியை மாத்தி மாத்திச் சொல்லிப் பழகு. அதுக்குமேல "தமிழ்ல விளக்கட்டுமா சார்?"னு கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க. அரியரைக் கேக்காம நீயா ஆரம்பிக்க வேண்டாம். கேட்டா பாடத்தோட பேரையும் எப்போ கிளியர் பண்ணேன்னும் ஒரே வரியில சொல்லி நிறுத்து, வாத்தியார் மேல பழி போடாதே.

எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட், டிசி, ஆதார், பான், ரெஸ்யூமே, இதெல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ், நாலு போட்டோ. ஒரிஜினலைக் காட்டலாம், ஒப்படைச்சுட்டு வராதே. "டெபாசிட்", "யூனிஃபார்ம் காசு"ன்னு இடையில ஏஜென்ட் யாராவது கேட்டா ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே.

உள்ள ஷாப் ஃப்ளோருக்குக் கூட்டிப் போகலாம். ஷூ போட்டுட்டுப் போ, செருப்புன்னா நிறுத்திடுவாங்க. மோதிரம், கையில கயிறு, காப்பு வேண்டாம்.

மைக்ரோமீட்டர்:
சம்பளம் கேக்கலாம், ஆனா கடைசியில. முதல்ல "இது ஆன்-ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா?"ன்னு கேளு. ஆன்-ரோல்னா கம்பெனியோட நேரடி ஆள். அப்ரண்டிஸ் சட்டத்துக்குக் கீழ எடுத்தா வர்றது ஸ்டைபண்ட், பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. ஆன்-ரோல்னா பேசிக்ல 12 சதவீதம் பிஎஃப் பிடிப்பாங்க, அதனால சிடிசியை (கம்பெனி உனக்காக மொத்தமா செலவு பண்ற தொகை) விட்டுட்டு கைக்கு வர்ற தொகையைக் கேளு. கேன்டீன், பஸ், ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டான்னும் கேட்டுக்கோ.

செங்கல்பட்டுல நிக்கிற ரயில்ல வந்தா அங்கிருந்து மின்சார ரயில்ல சிங்கப்பெருமாள்கோயில், அப்புறம் ஒரகடத்துக்கு பஸ். 8.15க்கு கேட்ல இரு. கேட் பாஸ் போட்டு, போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி உள்ள விட அரை மணி நேரம் ஓடிடும்.

திண்டுக்கல் டிப்ளமோ:
ரொம்ப நன்றிண்ணா, நன்றிக்கா. வீட்ல வெர்னியர் இல்ல, எங்க பழகுறது?

லைன் லீடர்:
காலேஜ் மெட்ராலஜி லேப்ல கேளு, பழைய மாணவன்னா ஒரு மணி நேரம் விடுவாங்க. இல்லன்னா பக்கத்து லேத் பட்டறை. டிஜிட்டல்ல பழகாதே, கோடு பார்க்கிற பழைய மாடல்லதான் கேப்பாங்க. ஒரே பீஸை பத்து தடவை அள. 0.02க்கு மேல வித்தியாசம் வந்தா தாடையைச் சாய்ச்சுப் பிடிக்கிறன்னு அர்த்தம்.