மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது அமைச்சரா, ஆணைக்குழுவா?

கேள்வி – வவுனியா வாசகி

அனைவருக்கும் வணக்கம். வீட்டோடு சேர்ந்த சிறிய தையல் நிலையம் ஒன்றை நடத்துகிறேன். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சுயாதீனமானது என்றும், மின்கட்டணத்தை அனுமதிப்பது அதுவே என்றும் செய்திகளில் தொடர்ந்து வாசிக்கிறோம். ஆனால் 2023இல் அதன் தலைவரைப் பாராளுமன்றம் பதவி நீக்கியது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்த அதே ஆணைக்குழு ஜூன் மாதம் 15 வீதம் உயர்த்தியது. அரசாங்கம் எடுத்த முடிவுக்கு முத்திரை குத்துவதுதான் அதன் வேலையா, அல்லது எங்களைப் போன்ற பாவனையாளருக்கு அதனால் உண்மையான பயன் ஏதும் உண்டா? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் – ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர், யாழ்ப்பாணம்

வணக்கம் சகோதரி. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் ஆணைக்குழுவை உருவாக்கியது. மின்துறையில் அதற்கு உண்மையான கைப்பிடியைக் கொடுத்தது 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம். அனுமதிப்பத்திரம் வழங்குதல், கட்டணங்களை அனுமதித்தல், குறைந்த செலவிலான நீண்டகால உற்பத்தித் திட்டத்தைப் பரிசீலித்தல், சேவைத் தரத்தைக் கண்காணித்தல், பாவனையாளருக்கும் மின் வழங்குநருக்கும் இடையிலான பிணக்குகளைத் தீர்த்தல் ஆகியன அதன் பொறுப்புகளாயின. நீர் வழங்கலும் பெற்றோலியமும் அதே ஆணைக்குழுவின் கீழ் வரவேண்டும் என்று எண்ணியிருந்தும், அவற்றுக்கு ஈடான துறைச் சட்டங்கள் நிறைவேறாததால் அங்கே அதன் கை எட்டவில்லை.

இதன் தேவையை உணர ஒரு கணக்கைப் பாருங்கள். மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் வீடு, 2022 ஓகஸ்ட் உயர்வுக்கு முன்னர் அலகுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணம் 30 ரூபாயுமாக 105 ரூபாய் கட்டியது. ஓகஸ்டில் அது 360 ரூபாயானது. 2023 பெப்ரவரியில், அலகுக்கு 30 ரூபாயும் நிலையான கட்டணம் 400 ரூபாயுமாக 1300 ரூபாயானது. ஆறே மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டு உயர்வுகளும் ஏழை வீடுகளையே முதலில் அடித்தன. ஆயினும் அதன் வேர் 2022இல் இல்லை. 2013க்குப் பிறகு 2022 வரை கட்டணம் உயரவேயில்லை. 2014இல் குறைக்கவும் செய்தார்கள். எரிபொருள் விலையும் நாணய மாற்று வீதமும் ஏறிக்கொண்டிருந்தபோது அந்த இடைவெளியை மின் வழங்குநரான இலங்கை மின்சார சபையின் கடனும் திறைசேரியுமே சுமந்தன. செலவைப் பிரதிபலிக்கும் கட்டணம் என்ற விதி 2009 முதலே சட்டத்தில் இருந்தும், தேர்தலை எதிர்நோக்கிய அரசாங்கங்கள் ஒன்றுமாறி ஒன்று அதைத் தள்ளிப்போட்டன. ஆணைக்குழுவாலும் அதைத் தடுக்க முடியவில்லை. காலத்துக்குக் காலம் சிறிது சிறிதாக மாறியிருக்க வேண்டிய கட்டணம் ஒரே பாய்ச்சலில் பாய்ந்தது. இவ்வாறு நேராமல் காப்பதே ஒழுங்குறுத்துநரின், அதாவது துறையைக் கண்காணித்து நெறிப்படுத்தும் இத்தகைய ஆணைக்குழுவின், முதற்கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பதில் – சட்டத்துறை மாணவர், மட்டக்களப்பு

ஐயா சொன்ன வரலாற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாசகி எழுப்பிய பதவி நீக்க விடயத்தை அப்படியே கடந்துபோக முடியாது. ஆணைக்குழுவின் உறுப்பினர்கள் ஐவரும், உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையின் இணக்கத்துடன் நியமிக்கப்படுவதும், அவர்களை அமைச்சர் தன் விருப்பப்படி நீக்க முடியாமல் பாராளுமன்றத் தீர்மானம் தேவைப்படுவதும் சுயாதீனத்துக்கான வேலிகள். 2023 பெப்ரவரி உயர்வை அப்போதைய தலைவர் ஜானக்க ரத்நாயக்க வெளிப்படையாக எதிர்த்தார். ஏனைய உறுப்பினர்களின் பெரும்பான்மையுடன் அந்த உயர்வு அனுமதிக்கப்பட்டது. மே 24ஆம் திகதி அவரை நீக்கும் தீர்மானம் 123க்கு 77 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் சரியா பிழையா என்பது வேறு விவாதம். சட்டம் சொன்ன வழியிலேயே நீக்கம் நடந்தது என்பதும் உண்மை. எனினும், அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருக்கும் சபையில் சாதாரண பெரும்பான்மை வாக்கே போதுமென்றால், ஒழுங்குறுத்துநர் ஒருவர் அமைச்சோடு முரண்படும் ஒவ்வொரு தடவையும் தன் பதவியையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும். பக்கச்சார்பற்ற விசாரணைக் குழு ஒன்று முதலில் குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து அறிக்கை தந்த பின்னரே பாராளுமன்றம் வாக்களிக்க வேண்டும் என்ற பாதுகாப்பு இருந்திருந்தால், அந்த நீக்கத்தின் மீது இவ்வளவு ஐயம் எழுந்திருக்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் 2025இல் நடந்ததை எப்படி விளங்கிக்கொள்வது? குறைத்ததும் உயர்த்தியதும் ஒரே ஆண்டில் நடந்ததால்தான் எனக்கு நம்பிக்கை குறைந்தது.

பதில் – எரிசக்தி ஆய்வாளர், கொழும்பு

கட்டணம் எந்தத் திசையில் போனது என்பதைக் கொண்டு சுயாதீனத்தை அளக்க முடியாது என்றே கருதுகிறேன். மின்சார சபை கேட்டதற்கும் ஆணைக்குழு கொடுத்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும், அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் பாருங்கள். 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்றாமல் வைத்திருக்கவே சபை முன்மொழிந்தது. ஆணைக்குழு 20 வீதம் குறைத்தது. ஜூனில் சபை கேட்டது 18.3 வீதம், கிடைத்தது 15. ஒக்டோபரில் கேட்ட 6.8 வீத உயர்வு முற்றாக நிராகரிக்கப்பட்டது. வெறும் முத்திரை குத்தும் அமைப்பிடம் இந்த இடைவெளிகள் இருக்காது.

ஆனால் ஜனவரிக் குறைப்பை நான் முழுமையாக நியாயப்படுத்த மாட்டேன். சர்வதேச நாணய நிதியம் தன் அடுத்த மீளாய்வை நிறைவு செய்ய, செலவை ஈடுசெய்யும் கட்டணத்தை மீட்டெடுக்கும்படி வலியுறுத்தியது. ஜூன் உயர்வு அதன் பின்னரே வந்தது. நமது கட்டணம் வரப்போகும் மாதங்களின் மழை, நீர்த்தேக்க மட்டம், நிலக்கரி விலை, டொலரின் பெறுமதி ஆகிய ஊகங்களின் மீது கட்டப்படுகிறது. மழை கூடினால் நீர்மின் கூடிச் செலவு இறங்கும்; பொய்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் எண்ணெயும் அந்த இடத்தை நிரப்பும். இந்த ஊகங்களுக்கான தரவுகளில் பெரும்பகுதி 2025இல் சபையிடமே இருந்தது. ஒழுங்குறுத்தப்படும் நிறுவனம் தரும் எண்களையே நம்பி அதை ஒழுங்குறுத்துவது பதவி நீக்கத்தை விடவும் ஆழமான பலவீனம் என்பது என் எண்ணம். சபையை உற்பத்தி, கடத்தல், விநியோகம் எனப் பிரிக்கும் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் அதன் 2025 திருத்தமும் ஒவ்வொரு நிறுவனத்தின் செலவையும் தனித்தனியே காட்டும் என்பதால், அந்த அளவில் அதை வரவேற்கிறேன்.

ஒரு விடயத்தைத் தங்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னர் ஆணைக்குழு எழுத்து மூலக் கருத்துகளைக் கோருகிறது. 2025இல் மாகாணம் தோறும் வாய்மூல அமர்வுகளும் நடந்தன. அங்கே ‘கட்டணம் கூடிவிட்டது’ என்று மட்டும் சொன்னால் அது பதிவாகி அங்கேயே நின்றுவிடும். தங்கள் நிலையத்துக்கு எந்தப் பிரிவில் பட்டியல் வருகிறது, நிலையான கட்டணம் மொத்தத்தில் எத்தனை பங்கு, வேலை குறைந்த மாதத்திலும் எவ்வளவு கட்ட நேர்கிறது என்று சென்ற ஆறு மாதப் பட்டியல்களின் பிரதிகளோடு தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். வீட்டு இணைப்பிலேயே தையல் இயந்திரங்களை இயக்குகிறீர்களானால், சிறு தொழிலுக்கான பிரிவு தங்களுக்குச் சாதகமா என்பதையும் முதலில் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கே தீராத பிணக்கை அடுத்ததாக ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறையிடலாம்.