முன் அனுபவம் இல்லாமல் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்வது எப்படி?

கேள்வி: அரூரிலிருந்து ஒரு புதிய வழக்கறிஞர்

அனைவருக்கும் வணக்கம். அரூர் அருகே ஒரு சிற்றூரில் மரவள்ளி பயிரிடும் குடும்பத்திலிருந்து சட்டம் படித்து வந்த முதல் ஆள் நான். பதிவுக் கட்டணத்தை 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால், கடன் வாங்காமல் சென்ற மாதம் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டேன். அதன் பிறகு தருமபுரியிலும் சேலத்திலும் ஆறு அலுவலகங்களுக்குச் சென்றுவிட்டேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "இதற்கு முன் யாரிடம் இருந்தாய்?" என்பதுதான். ஒரு மூத்த வழக்கறிஞர் மட்டும் ஒரு வழக்குக் கட்டை என் கையில் கொடுத்து, "அடுத்த வாய்தா எதற்குப் போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்" என்றார். கட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். எங்கே பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அனுபவம் இருந்தால்தான் சேர்ப்பார்கள் என்றால், அந்த அனுபவத்தை நான் எங்கே போய்ப் பெறுவது? உதவித்தொகை பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: உரிமையியல் வழக்கறிஞர், 27 ஆண்டுத் தொழில்

அம்மா, உங்களிடம் கட்டைக் கொடுத்தவர் உங்களை மதித்துத்தான் கொடுத்திருக்கிறார். "யாரிடம் இருந்தாய்?" என்று கேட்கும் ஒவ்வொரு சீனியரும் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, ஒரு கட்டையும் ஒரு தேதியையும் உங்களை நம்பி ஒப்படைக்கலாமா என்பதைத்தான். பெரும்பாலான அலுவலகங்களில் கட்டின் மேலட்டையிலேயே ஒவ்வொரு வாய்தாத் தேதியும், அன்று என்ன நடந்தது, அடுத்தது எதற்கு என்பதும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எதிர்வுரை (பிரதிவாதியின் பதில்) தாக்கல், எழுவினா வனைதல் (எவற்றைத் தீர்மானிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேள்விகளாக வகுப்பது), வாதி தரப்புச் சாட்சி, குறுக்கு விசாரணை, வாதுரை என்னும் அந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால், எந்த உரிமையியல் வழக்கும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இதைக் கற்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. நீதிமன்றம் திறந்த மன்றம். நீங்களோ பதிவு பெற்ற வழக்கறிஞர். இரண்டு வாரம் காலையில் போய் உட்காருங்கள். அன்றைய வழக்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அழைக்கப்படும் ஒவ்வொரு வழக்கிலும் யார் எழுந்து என்ன கேட்டார்கள், நீதிபதி என்ன உத்தரவிட்டார் என்று குறித்துவையுங்கள். மாலையில், வழக்கு நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில், அதே வழக்குக்கென்றே தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இட்டு, பதிவான நடவடிக்கையை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் குறிப்பேட்டுடன் ஒரு சீனியரைப் பார்க்கப் போவது, தன்விவரக் குறிப்பு பத்து கொடுப்பதைவிட மேலானது.

புதியவர்களுக்கு இன்று ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 482 என்றாலே எங்கள் தலைமுறைக்கு உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுதான் நினைவுக்கு வரும். புதிய சட்டத்தில் அந்த எண் முன்ஜாமீனுக்குப் போய்விட்டது, ரத்து மனு 528 ஆகிவிட்டது. பழைய எண்களோடு பல்லாண்டு வாழ்ந்தவர்கள் தடுமாறும் இடத்தில், புதிய பிரிவுகளைத் தெளிவாக அறிந்த ஜூனியர் சேர்ந்த நாளிலிருந்தே பயன்படுவார்.

பதில்: வழக்கறிஞர் குமாஸ்தா, சேலம்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அலுவலகத்தில் யாரைச் சேர்க்கலாம் என்று சீனியர் பல நேரங்களில் முதலில் கேட்பது குமாஸ்தாவைத்தான். நகல் மனு போடுவது, கோர்ட் பீஸ் வில்லை ஒட்டுவது, திருப்பப்பட்ட மனுவில் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்வது ஆகியவற்றை எங்களிடம் கூச்சமின்றிக் கேட்டுக் கற்கும் ஜூனியர்கள் ஆறு மாதத்தில் தேறிவிடுகிறார்கள். இ-பைலிங் (இணையவழித் தாக்கல்) செய்யத் தெரியும், ஆவணங்களை ஒழுங்காக ஸ்கேன் செய்து பக்க எண்ணோடு பி.டி.எப். ஆக்கத் தெரியும் என்று சொல்லுங்கள். வயதான சீனியர்கள் இருக்கும் அலுவலகங்களில் அதற்கே ஆள் தேடுகிறார்கள்.

காலக்கெடு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். காசோலை வழக்கில், பணமில்லை என்று வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள். அது முடிந்த பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். இந்த மூன்று தேதிகளையும் கேட்காமலேயே டைரியில் குறித்து வைத்த ஒரு பெண்ணை எங்கள் சீனியர் அன்றே சேர்த்துக்கொண்டார்.

பதில்: மதுரையில் இரண்டாம் ஆண்டு ஜூனியர்

தங்கைக்கு, உதவித்தொகையைக் கேட்கத் தயங்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2024 ஜூனில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் வெளியிட்ட சுற்றறிக்கை, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தது தரச் சொல்கிறது. நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தில் கேட்காமல் விட்டேன். எட்டு மாதம் பேருந்துச் செலவு மட்டுமே கிடைத்தது, அதைக்கூட வீட்டில் சொல்ல முடியாமல் தவித்தேன். வேலையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, அதே சந்திப்பில், "மாதம் எவ்வளவு தருவீர்கள், ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். மாலை எத்தனை மணிவரை இருக்க வேண்டும், அலுவலகத்தில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்பதையும் கேட்டறியுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் ஊருக்குப் பேருந்து பிடிப்பது நாம்தான்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள். ஏழைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு வாதாடும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பில், உதவி வழக்கறிஞர் இடத்துக்குக் குற்றவியல் அனுபவம் பூஜ்ஜியம் முதல் மூன்றாண்டு வரை உள்ளவர்களையே எடுக்கிறார்கள். எனவே தொடக்க நிலையினருக்கும் அதில் இடமுண்டு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை அரூர் நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பதினொரு வழக்குகளைக் குறித்தேன். நான்கில் மட்டும் என்ன நடந்தது என்று விளங்கியது. இரண்டு வாரம் முடிந்ததும், அந்தக் கட்டைக் கொடுத்த வழக்கறிஞரிடமே மீண்டும் சென்று, அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துப் பதில் சொல்வதாக இருக்கிறேன்.