வெள்ளவத்தையை விட்டு மாங்குளம் பக்கம் வந்தால் பாட்டு வருமா?

கடற்கரை வீதி:
எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் காலி வீதி. பகலில் கணக்கு வேலை. இரவில் பாட்டு எழுதி மெட்டும் போடுவேன். ஒன்றரை வருடமாக ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியவில்லை. பல்லவி வருகிறது, சரணத்தில் நின்றுவிடுகிறது.

அம்மாவின் ஊர் ஒட்டுசுட்டான். பத்து வயதில் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீதியில் நின்றபோது என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று இப்போது சொல்லிவிட்டார்கள். வன்னியில், மாங்குளத்தில் ஒரு வருடத்துக்கு வீடு எடுக்க நினைக்கிறேன். அந்த அமைதியில் பாட்டு வருமா? அப்படிப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இடதுகரை:
தம்பி, நான் போனவள். தெகிவளையிலிருந்து முத்தையன்கட்டுக்கு 2018 கடைசியில் வந்தேன். வந்த மாதமே வெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த அந்த டிசம்பர்தான். பெட்டிகளை அவிழ்க்காமலே கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, தகரக் கூரையில் விழுந்த மழையை நான்கு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். கிற்றாரை எடுத்து வாசித்தால் எனக்கே கேட்காது.

அடுத்த மூன்று மாதத்தில் பதினொரு பாட்டு எழுதினேன். உங்கள் கேள்விக்கு "வரும்" என்று சொல்ல இதுவே போதும். ஆனால் அந்தப் பதினொன்றில் பத்தை இன்று பாட மாட்டேன். குளம், மயில், பாலை மரம், நிலா. பஸ் யன்னலால் பார்த்தவள் எழுதியவை அவை. தெகிவளையில் எழுதியபோது யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுவேன். இங்கே அப்படி ஒருவரும் எனக்கு இருக்கவில்லை. பார்த்ததை அடுக்கினேன், அவ்வளவுதான்.

மாற்றியது கச்சான், அதாவது நிலக்கடலை. எங்கள் பக்கத்தில் கச்சான் பிடுங்கிய பிறகு, செடியோடு மர நிழலில் குவித்துவைத்து, பெண்கள் சுற்றியிருந்து ஆய்வார்கள். வாளிக் கணக்கில் கூலி. பக்கத்து வளவுக்காரி கூப்பிட்டதால் நானும் போய் இருந்தேன். விரல் ஓடும், கதை ஓடும், இடையில் யாராவது பழைய பாட்டு ஒன்றை இழுப்பார்கள். கோரஸ் இல்லை, தாளமும் இல்லை. கச்சான் வாளிக்குள் விழுகிற சத்தம்தான் தாளம். ஒரு கொத்தை உதறி, ஆய்ந்து, எறிவதற்குள் ஒரு அடி முடிந்துவிடும். என்னுடைய வரிகள் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் "நீயும் ஒண்டு படி பிள்ளை" என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒன்றைப் பாடினேன். இரவில் குளக்கட்டில் ஆட்காட்டிக் குருவி தாலாட்டுப் பாடுவதாக அதில் ஒரு வரி. முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. பிறகு வயதான அம்மா ஒருவர், கையை நிறுத்தாமலே சொன்னார்: "அது பாடுறதில்லைப் பிள்ளை. ஆள் வருகுதெண்டு சொல்லுறது. அந்த நாளிலை இரவிலை அது கத்தினால் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ளை இறங்கிப்போடுவம்."

பேரே ஆட்காட்டி. ஆளைக் காட்டுகிற குருவி. மொழி சொல்லித்தந்ததை நான் கேட்காமல் விட்டிருந்தேன். இரவில் அது கத்தும்போது இப்போதும் எனக்கு அந்த அம்மாவின் குரல்தான் வரும்.

நீங்கள் சொல்லும் அமைதி இருக்கிறது தம்பி, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் வீட்டுக்குள் கேட்கும். ஆனால் 2009 வரைக்கும் நடந்ததெல்லாம் அதே இடத்தில்தான் கிடக்கிறது. இங்கே உள்ளவர்களுக்கு அது தெரியும். எங்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

அந்தப் பாட்டைக் கிழித்தேன். பல மாதம் கழித்து அதே அம்மா, பேத்தியின் பாலர் பாடசாலை விழாவுக்கு ஒரு பாட்டு எழுதித் தரச் சொன்னார். ஐந்து வயதுப் பிள்ளைகள் எட்டுகிற சுரம் ஐந்தோ ஆறோதான். அதற்குள் இதை எழுதினேன்:

ஆட்காட்டி ஆட்காட்டி
ஆர் வருகினம் சொல்லு
அப்பா சைக்கிள் எண்டால்
ஆறுதலாய்ச் சொல்லு

முதலில் அவரிடம்தான் பாடிக் காட்டினேன். "ஆறுதலாய்" என்ற சொல்லை இரண்டாம் தரம் பாடச் சொல்லிக் கேட்டார். மெதுவாக என்றும் எடுக்கலாம், மற்ற அர்த்தத்திலும் எடுக்கலாம். அவர் எதை எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

முள்ளியவளையான்:
அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் தம்பி அமைதியை நம்பி வர வேண்டாம். விடிய ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி, பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், இரவில் யானை விரட்டுகிற வெடி. நெல் அறுக்கும்போது பாடுகிற அருவி வெட்டுப் பாட்டு வயலில் கேட்கலாம் என்றும் எண்ண வேண்டாம். இப்போது வெட்டுவது மெஷின். அந்தப் பாட்டுகள் வயதானவர்களின் வாயில்தான் இருக்கின்றன, வீடு வீடாய்ப் போய் இருந்து கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கூத்தாடியவர்கள் இருக்கிறார்கள். பாட்டு எழுதுகிறவர் என்றால் வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வாருங்கள். கடல் நீரில் விளக்கெரிகிற கோயில். எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தையும் எங்காவது ஆடினால் விடிய விடிய இருந்து பாருங்கள். கண்ணகி கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த கதையையே எப்படி ஒரு இரவு முழுக்கப் பாடிப் பிடித்துவைக்கிறார்கள் என்று கவனியுங்கள். சரணத்தில் நிற்கிறவருக்கு அது உதவும்.

இன்னொன்று. சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் கிற்றாரை வெயில் படுகிற சுவரில் மாட்ட வேண்டாம். என்னுடையது ஒட்டு விட்டுவிட்டது.

கடற்கரை வீதி:
இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்காட்டி வந்த இடத்தில் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். தேத்தண்ணியோடு திரும்பி வந்து, ஒட்டுசுட்டான் வீட்டைப் பற்றி இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

வருடக் கணக்கில் வீடு எடுப்பதை இப்போதைக்கு விட்டுவிட்டேன். முதலில் அம்மாவோடு ஒரு மாதம் வந்து இருக்கப் போகிறேன். கச்சான் ஆய எங்களையும் சேர்ப்பார்களா?

இடதுகரை:
தை, மாசியில் வாருங்கள். அம்மா வந்தால் கேட்கவே தேவையில்லை, நடுவில் இடம் விடுவார்கள். உங்களுக்கு முதல் நாள் விரல் நுனி நோகும்.