ஜிப் வைத்த பசுமைக்குடிலும் புளிச்சகீரையும்: நகரிப் பக்கத்து அனுபவம்

வீட்டுக் கொல்லையில் சிறிய பசுமைக்குடில் வைத்ததால் அக்கம்பக்கத்தில் எழுந்த சிக்கல்களைச் சிலர் சொல்லியிருந்தார்கள். சென்ற ஐப்பசியில் எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நகரிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் பக்கம் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. பகலில் விசைத்தறிக் கூடமொன்றில் கணக்கு எழுதுவதால், செடிகளைப் பார்க்க எனக்கு இரவு ஏழு மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். பின்னால் நடந்த அனைத்துக்கும் அதுவே ஒரு காரணமாயிற்று.

குடிலை எனக்கு அறிமுகப்படுத்தியவன் டொராண்டோவில் இருக்கும் என் அக்கா மகன். குழாய்களைப் பொருத்தி, மேலே பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, முன்பக்கத்தை ஜிப்பால் மூடிவிடும் எட்டடிக் குடில் அது. வேண்டாதபோது கழற்றிப் பரண்மேல் போட்டுவிடலாம். அவன் அதில் தக்காளி நாற்று வளர்க்கிறான். ஒருநாள் காணொளி அழைப்பில் அதைக் காட்டிக்கொண்டே வந்தவன், வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் அதேபோன்ற குடிலில் நான்கு கஞ்சாச் செடிகள் வைத்திருப்பதாகச் சொன்னதும் நான் பதறிவிட்டேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது என்றும், அவன் இருக்கும் ஒன்டாரியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் விளக்கினான். பகல்பொழுது குறையத் தொடங்கிய பிறகே அந்தச் செடி பூக்கும். பூ முதிர்வதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும். ஆகையால் சில வாரங்களைக் கூட்டிக்கொள்ளவே அங்கே குடில் தேவைப்படுகிறது. ஆனால் காற்றோட்டமின்றி மூடியே வைத்திருந்ததால் உள்ளே ஈரம் தங்கி, அந்த வீட்டுக்காரரின் செடிகளில் பாதிப் பூங்கொத்துகள் சாம்பல் பூஞ்சணம் பிடித்து அழுகிப்போயினவாம்.

“மாமா, நீங்களும் ஒரு செடி வையுங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது?” என்று அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். என்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் தறிக்கூடத்தில் வேலை பார்த்த பையன் ஒருவன் கஞ்சா வழக்கில் சிக்கியபோது, அவனுடைய தாய் ஜாமீனுக்காகத் தாலிச் செயினை அடகு வைத்துவிட்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி இந்தியாவில் கஞ்சாச் செடியை அனுமதியின்றிப் பயிரிட்டால் 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு செடிதானே, வீட்டு உபயோகத்துக்குத்தானே என்பதற்கெல்லாம் அதில் விலக்குக் கிடையாது. பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதியைத்தான் சட்டம் கஞ்சா என்று வரையறுக்கிறது, ஆகையால் பூக்காத செடி குற்றமாகாது என்று சிலர் உறுதியாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். செடியை வளர்ப்பதே தனிக் குற்றம் என்பதால் அந்தப் பேச்சை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். அவனும் புரிந்துகொண்டான்.

குடில் மட்டும் என் மனத்தில் தங்கிவிட்டது. தை மாதத்தில் ஒன்றை வாங்கிப் பொருத்தி, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பித் தக்காளியும் மிளகாயும் விதைத்தேன். டொராண்டோவின் குளிருக்குச் செய்த பொருளை நகரியின் வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சித்திரையில் கண்டேன். வெளியே 41 டிகிரி இருந்த ஒரு மதியம், உள்ளே தொங்கவிட்டிருந்த வெப்பமானி 49 காட்டியது. மாலையில் வந்து பார்த்தபோது நாற்றுகள் வெந்த கீரைபோல் தட்டில் படிந்துகிடந்தன. உறையைக் கழற்றிவிட்டு, வெயில்காலம் முழுவதும் 50 சதவீத நிழல்வலை போட்டேன்.

ஆவணியில் புளிச்சகீரை விதைத்தேன். ஐப்பசி மழை நெருங்கியதும் பிளாஸ்டிக் உறையை மறுபடி போர்த்தினேன். கீரை ஆளுயரத்துக்கு வந்திருந்தது. இருட்டிய பிறகே தண்ணீர் ஊற்ற முடியும் என்பதால் உள்ளே ஒரு எல்இடி பல்பு மாட்டியிருந்தேன். பூச்சி வரக்கூடாதென்று ஜிப்பை மூடிக்கொண்டுதான் வேலை செய்வேன். ஒருநாள் தற்செயலாக வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, வெள்ளை உறை முழுவதும் ஐந்து விரலாகப் பிரிந்த இலைகளின் நிழல் பெரிது பெரிதாக விழுந்திருந்தது. எனக்கு அது அழகாகத் தோன்றியது. தெருவில் போகிறவர்களுக்கு வேறு எதையோ நினைவூட்டும் என்று அப்போது தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு ஓர் உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வி.ஆர்.ஓ. என்கிற கிராம வருவாய் அலுவலரும் வாசலில் நின்றார்கள். “லோபல ஏமுந்தி?” (உள்ளே என்ன இருக்கிறது?) என்று உதவி ஆய்வாளர் குடிலைக் காட்டிக் கேட்டார். “கோங்கூரா சார்” என்று புளிச்சகீரையின் தெலுங்குப் பெயரைச் சொன்னேன். என் குரல் நடுங்கியதை மறைக்கவில்லை. தவறு செய்யாதவனுக்கும் அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. பூஜையறையிலிருந்து வந்த என் மனைவியின் கையில் மணி அப்படியே இருந்தது.

ஜிப்பைத் திறந்துவிட்டேன். காவலர்களில் இளையவர் இலையைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கினார். அவரைக் குறைசொல்ல முடியாது. புளிச்சகீரையின் தாவரவியல் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், அதாவது கஞ்சாவைப் போன்ற செம்பருத்தி இனம். இலையின் சாயலை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது. நான் ஓர் இலையைக் காம்போடு கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். கஞ்சாவில் ஒவ்வொரு சிற்றிலையும் காம்பு நுனிவரை தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இதில் விரல்கள் அடியில் ஒன்றுசேர்ந்து ஒரே இலையாக இருப்பதைக் காட்டினேன். தண்டில் விரலை ஓட்டச் சொன்னேன். சிறு முட்கள் நெருடின. பகல் குறையும் காலத்தில் பூக்கும் குணம் இதற்கும் உண்டென்பதால், நல்லவேளையாக மேற்கிளையில் இரண்டு பூக்கள் விரிந்திருந்தன: வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. கஞ்சாவின் பூ பச்சையாக, இதழென்று சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கும். கடைசியில் வி.ஆர்.ஓ. தாமே ஓர் இலையை வாயில் போட்டு மென்றார். புளிப்பில் அவர் கண் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் உதவி ஆய்வாளரின் முகம் தளர்ந்தது. என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, மரியாதையாகவே விடைபெற்றார்கள்.

தகவல் சொன்னவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு பொய்த் தகவல் கொடுத்துச் சோதனை நடக்கச் செய்தால் 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை என்று அதே சட்டத்தில் இருக்கிறது, புகார் கொடுங்கள் என்று என் மைத்துனர் வற்புறுத்தினார். ஆனால் சொன்னவர் பொய் சொல்லவில்லை, தாம் கண்டதை நம்பிச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். கஞ்சா என்று சந்தேகம் வந்தால் ஒருவர் பேசாமல் இருப்பதைவிடச் சொல்வதே சரி என்று நான் நினைக்கிறேன். அன்றிரவு என் மனைவி சாப்பிடாமல் படுத்ததுதான் எனக்குத் தாளவில்லை. இப்போது குடிலின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குச் சுருட்டிக் கட்டியிருக்கிறேன். காற்றும் வருகிறது, உள்ளே இருப்பது தெருவுக்கும் தெரிகிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மறுமொழி

ஐயா, எங்களுக்கு நேர்ந்தது இதற்கு மறுபக்கம். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் தோப்பில் வேலையாட்கள் தங்கியிருந்த அறை காலியான சில மாதங்களுக்குப் பிறகு, குளியலறைத் தண்ணீர் போகும் ஓரத்தில் மூன்று செடிகள் தாமாக முளைத்திருந்தன. மரவள்ளிக் கன்று என்று நினைத்து அப்பா களையெடுக்காமல் விட்டுவிட்டார். நான் கசக்கி முகர்ந்தபோது பிசினும் கடுமையான நெடியும் கையில் ஒட்டிக்கொண்டன. பிடுங்கி எரித்துவிடலாம் என்றுதான் அப்பா சொன்னார். தன் நிலத்தில் கஞ்சா பயிராவது தெரிந்தும் தகவல் சொல்லாமல் விடும் நில உரிமையாளருக்கும் தண்டனை உண்டென்று ஒரு வழக்கறிஞர் எச்சரித்ததால், எக்சைஸ் (கலால்துறை) அலுவலகத்துக்குத் தெரிவித்தோம். அவர்களே வந்து வேரோடு பிடுங்கி, அளந்து, சாட்சிகள் முன் எழுதும் மகஜர் பதிவையும் எழுதிக்கொண்டு போனார்கள். அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. புளிச்சகீரை விதை கிடைத்தால் கொஞ்சம் வேண்டும். எங்கள் பக்கம் சிவப்புத்தண்டு வகைதான் கிடைக்கிறது.

நகரியிலிருந்து

தம்பி, நீங்கள் செய்ததே சரி; பிடுங்கி எரித்துவிட்டுப் பின்னால் யாராவது கேட்டால் விளக்கம் சொல்லுவது கடினம். உங்கள் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

விதை அனுப்புகிறேன். எங்களுடையது பச்சைத்தண்டு வகை. வடக்கே பீமுனிப்பட்டினத்தின் பெயரால் பிம்லி சணல் என்று சொல்லும் நார் இந்த இனத்தின் தண்டிலிருந்து எடுப்பதுதான். காய்கள் இன்னும் முழுதாகக் காயவில்லை. மேலெல்லாம் சுணையாக இருப்பதால் வெறுங்கையால் உரித்தால் அரிக்கிறது. மார்கழிக் கடைசியில் பழைய துணியில் கட்டி அடித்து எடுத்துத் தருவதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள்.